ரெண்டு அமுதா, ஒரு வெயிட்டு

ஜன்னல் சீட்டு நீங்களே வெச்சுக்கங்க்கா. எனக்கு எது கெடைச்சாலும் சரிதானுங்க, நான் எதுக்கும் போட்டி போடற ஆளு இல்லை. அந்தத் தாம்பாளத்தை மட்டும் உங்க மடியில வெச்சுக்கங்க, என்ற பைக்குள்ள கம்ப்யூட்டர் இருக்குது, இடிச்சுரும். கிருஷ்ணகிரிங்ளா? என்ன, ஃபங்ஷனா? தங்கச்சி மகளுக்குச் சீரா? நல்லதுங்க. நானும் ஃபங்ஷன் விஷயமாத்தான் பெங்களூரு போறேன். இது வேற ஃபங்ஷனுங்க. பந்தி போடாத ஃபங்ஷன். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது. சொல்றேன், நீங்க எறங்கற வரைக்கும் நேரம் கெடக்குதே.

என்ற பேரு அமுதவல்லிங்க. ஆனா அது ரேஷன் கார்டோட சரி. நாமக்கல்லுல எங்க தீவனக் கம்பெனியில வந்து கேட்டுப் பாருங்க, ஆபீஸு, பண்ணை, கேன்டீனு, எங்க கேட்டாலும் அமுதா மேடம்தான். பதினெட்டு வருஷமா அமுதா. இப்பக் கொஞ்ச நாளா சிலபேரு அமுதவல்லி மேடம், அமுதவல்லி மேடம்னு ஆரம்பிச்சிருக்காங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கறதில்லை. என்னைக் கூப்பிட்டாத்தானுங்க திரும்பணும்?

என்ன வேலையா? கோழிக்குத் தீவனத்தை மாத்திப் போட்டா முட்டை கூடுதா, எடை கூடுதான்னு ஷெட்டு ஷெட்டாக் கணக்கெடுப்பாங்க. அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டருல போட்டு, இது நெசமாவே தீவனத்தால வந்ததா, இல்லை சும்மா அமைஞ்சதான்னு சொல்றது என்ற வேலை. புள்ளியியல்னு ஒரு படிப்பு இருக்குதுங்க. அதைப் படிச்சவ அந்தக் கம்பெனியிலேயே நான் ஒருத்திதான். ஒருத்தியா இருந்தேன்.

எங்க டாக்டரு இருக்காரே, நாச்சிமுத்து டாக்டரு, கோழி டாக்டருங்க, அவரு தங்கமான மனுஷன். அவரு ரூம்பு வாசலை ஒட்டின முதல் சீட்டு என்றது. எந்திரிச்செல்லாம் வரமாட்டாரு. உள்ள இருந்தே "அமுதா!"ன்னு ஒரு குரல். நான் போய் நிப்பேன். போன்லயும் அப்படித்தான். 'அமு'ன்னு ரெண்டெழுத்துத் தட்டினாப் போதும், நான்தான் முதல்ல வந்து நிப்பேன். எடுத்துட்டா எதிர்ல இருக்கறவங்களைப் பேச விடமாட்டாரு. தான் பேச வேண்டியதைப் பேசிட்டு வெச்சுருவாரு. அதுவும் ஒரு அழகுதானுங்க, பெரிய மனுஷங்க அப்படித்தான்.

போன தையில புதுசா ஒருத்தி வந்து சேந்தா. பேரு அமுதினி. இப்படி ஒரு பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்ளா? நானும் இல்லை. வந்த அன்னிக்கே, "வீட்டுல என்னை அமுதான்னுதான் மேடம் கூப்பிடுவாங்க"ங்கறா. நான் சிரிச்சுட்டுத்தான் சொன்னேன். "இங்க ஏற்கனவே ஒரு அமுதா இருக்குதம்மா, நீ முழுசாவே இருந்துக்கோ"ன்னு. தலையாட்டினா. ஆனா டாக்டருக்கு நாலெழுத்துப் பேரு சொல்லப் பொறுமை ஏதுங்க? அவளையும் அமுதான்னுட்டாரு.

எனக்கு வயித்தெரிச்சல்னு நெனைச்சிராதீங்க. அந்தப் புள்ளை மேல எனக்கு ஒண்ணும் இல்லை. அவ சிரிச்சாக் கன்னத்துல குழி விழுது, விழட்டும், அதுக்கும் கோழித் தீவனத்துக்கும் என்னங்க சம்பந்தம்? கேன்டீன் ராசாத்தி எனக்கு ஒரு வடை வெச்சா அவளுக்கு ரெண்டு வெப்பா. வெச்சுட்டுப் போகட்டும், எண்ணெய் எனக்கு ஆகவும் ஆகாது. ஷெட்டுல முட்டை பொறுக்கற பொம்பளைங்க என்கிட்டப் பேசினதே இல்லை, அவ போனாச் சுத்தி உக்காந்துக்கறாங்க. பேசட்டும். நான் பாத்துக்கிட்டே இருக்கறவ இல்லை. ஏதோ ஜன்னல் என்ற சீட்டுக்கு நேராவே இருக்குது, அதனால தெரியுது.

ஆனா ஒண்ணு சொல்லணுமுங்க. அவ வந்ததுக்கப்புறம் டாக்டரு கூப்பிடறதே மாறிப்போச்சு. முன்னால வெறும் "அமுதா!" இப்ப "அமுதா, கண்ணு!" பதினெட்டு வருஷத்துல என்னை ஒருநாளும் கண்ணுன்னு கூப்பிட்டதில்லீங்க. வயசாக ஆக மனுஷனுக்கு மனசு இளகுமாட்ட இருக்குது. கூப்பிட்டவொடனே நான் எந்திரிச்சுப் போவேன், வாசலோரம் என்ற சீட்டுதானே. மூக்குக் கண்ணாடிக்கு மேல பாத்து, "ஓ, நீயா"ம்பாரு. கொஞ்சம் யோசிச்சு, "சரி, அந்த ஃபேனைக் குறைச்சுட்டுப் போ"ம்பாரு. அவ உள்ள கடைசி சீட்டுல காதுல எதையோ மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. காதுல விழுந்தாத்தானே வர்றதுக்கு? அது என்ற தப்பா?

சரி, ஃபங்ஷனுக்கு வாறேன். தாம்பாளம் கனக்குதுங்ளா? கொஞ்சம் இப்படிச் சாய்ச்சு வெச்சுக்கங்க.

கம்ப்யூட்டருல ஃபங்ஷன்னா, ஒரு வேலையை எப்படிச் செய்யணும்னு ஒருதரம் எழுதி அதுக்கு ஒரு பேரு வெச்சுடறது. அப்புறம் பேரைச் சொன்னா அது பாட்டுக்குச் செய்யும். நான் ரொம்ப வருஷத்துக்கு முன்னாலயே ஒண்ணு எழுதி வெச்சேன். அது என்ன பண்ணும்னா, நீங்க எந்த ஃபங்ஷனைக் கையில குடுத்தாலும் அதைக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு ஷெட்டாப் போகும். ஒவ்வொரு ஷெட்டுலயும் அதை வேலை செய்ய விட்டு, எல்லாத்தையும் சேத்துச் சராசரி போட்டுக் குடுக்கும். ஃபங்ஷனுக்குள்ள ஃபங்ஷன். அந்தக் கம்பெனியில எந்தக் கணக்கா இருந்தாலும் அது வழியாத்தான் போகணும். எல்லாமே என்றதைத் தாண்டித்தானுங்க.

உள்ள இருக்கற ஃபங்ஷனுக்கு நீங்க ஏதாவது சொல்லி அனுப்பணும்னா, அதுக்கும் வழி வெச்சிருக்கேன். மூணு புள்ளின்னு எழுதுவோம். வெளிய நிக்கறதுக்கு எது தன்னோடது இல்லையோ, அதையெல்லாம் அந்த மூணு புள்ளி வழியா உள்ள தள்ளி விட்டுரும். தன்னோட பேருல வந்தது மட்டும் தனக்கு. நியாயம்தானுங்ளே?

புரியலீங்ளா? இப்ப உங்க சீரையே எடுத்துக்கங்க. ஒரு ரவிக்கைத் துணியைக் குடுத்து "மல்லிகாவுக்கு"ன்னு சொல்லி அனுப்பறீங்க. உள்ள மணவறையில இருக்கற மல்லிகாவுக்கு. ஆனா வாசல்ல சந்தனம் குடுத்துட்டு நிக்கறவ பேரும் மல்லிகா. அவ என்ன பண்ணுவா? தனக்குன்னு நெனைச்சு வாங்கிப் பைக்குள்ள வெச்சுக்குவா. உள்ள இருக்கறவளுக்கு வந்ததே தெரியாது, தந்தவங்களுக்குப் போய்ச் சேரலைன்னும் தெரியாது. வாசல்ல நின்னவ மேல தப்புச் சொல்ல முடியுங்ளா? அவ பேரும் மல்லிகாதானே!

அதுதான் நடந்துச்சு. கோடையில கோழி சின்ன முட்டையாப் போடுமுங்க. புதுத் தீவனம் குடுத்தா வெயிலுலயும் பெரிய முட்டை வருமான்னு பாக்கச் சொல்லி அமுதினிகிட்டக் குடுத்தாரு டாக்டரு. என்கிட்ட இல்லை, அவகிட்ட. அவ ஒரு ஃபங்ஷன் எழுதினா. இத்தனை கிராமுக்கு மேல இருக்கற முட்டை நூத்துக்கு எத்தனைன்னு சொல்றது. அந்த கிராமுக்கு அவ வெச்ச பேரு 'வெயிட்'. ஒண்ணுமே சொல்லலைன்னா நாப்பத்தஞ்சு கிராம்னு அதுவா வெச்சுக்கும்.

என்ற ஃபங்ஷன்லயும் ஒரு 'வெயிட்' இருக்குதுங்க. அது முட்டை எடை இல்லை. சராசரி போடறப்ப எந்த ஷெட்டுக்கு எவ்வளவு மதிப்புக் குடுக்கறதுன்னு. பெரிய ஷெட்டுக்கு அதிக வெயிட்டு, சின்னதுக்குக் கம்மி. ஊருல சொல்றதில்லையா, அவரு வெயிட்டான ஆளுன்னு? அந்த வெயிட்டு. ஒண்ணும் சொல்லலைன்னா எல்லா ஷெட்டுக்கும் ஒண்ணுன்னு இருக்கும்.

இவ ஐம்பது கிராம்னு குடுத்து ஓட்டினா. ஒரு நம்பர் வந்துச்சு. ஐம்பத்தஞ்சு குடுத்தா, அதே நம்பர். அறுபது குடுத்தா, அதே நம்பர். ஒரு புள்ளிகூட மாறலை. அதைக் கொண்டுபோய் டாக்டருகிட்டக் காட்டியிருக்கா, புள்ளை. அவரு போட்ட சத்தம் என்ற சீட்டு வரைக்கும் கேட்டுச்சு. "ஐம்பதுக்கு மேலயும் இத்தனைதான், அறுபதுக்கு மேலயும் இத்தனைதான்னா, கோழி என்ன தராசு வெச்சுக்கிட்டா முட்டை போடுது? இதை வெச்சுக்கிட்டுத் தீவனத்தைச் சந்தைக்கு விடச் சொல்றியா?" அன்னிக்கு எனக்குக் கேன்டீன் சாப்பாடு நல்லா இறங்குச்சுங்க. ரசம் அன்னிக்கு நல்லா வெச்சிருந்தாங்க.

அவ என்கிட்ட வந்தா. மூஞ்சியெல்லாம் சுண்டிக் கெடக்குது. "மேடம், என் ஃபங்ஷன்ல என்ன தப்புன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"ன்னா. நான் முழுசாப் படிச்சுப் பாத்தேன். ஒருதரத்துக்கு ரெண்டுதரமாப் பாத்தேன். அப்புறம் சொன்னேன், "உன்ற ஃபங்ஷன்ல ஒரு தப்பும் இல்லையேம்மா"ன்னு. நெசம்தானுங்க! அவ ஃபங்ஷன்ல தப்பு இல்லையே! அவ என்ன கேட்டாளோ அதுக்குத்தானே பதில் சொல்ல முடியும்? "உங்க ஃபங்ஷனுக்கும் என் ஃபங்ஷனுக்கும் நடுவுல ஏதாவது இடிக்குதா மேடம்"னு கேட்டிருந்தா, சத்தியமாச் சொல்லியிருப்பேன். கேக்கத் தெரியணுமில்லீங்க.

ஒருவாரம் அல்லாடினா. முட்டைக் கணக்கைத் திரும்ப எடுத்தா. தராசைச் சரிபாத்தா. ஷெட்டு ஷெட்டா வெயில்ல நடந்தா. அந்தப் பொம்பளைங்க மோர் குடுத்தாங்க, குடிச்சுட்டு அங்கயே உக்காந்து அழுதாளாம். எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா நம்ம படாத கஷ்டமா? நான் கத்துக்கிட்ட காலத்துல எனக்கு எவ சொல்லிக் குடுத்தா?

அப்புறம் ஒருநாள் அவளா ஒரு வேலை பண்ணினா. அவ ஃபங்ஷனுக்குள்ள ஒரு வரி எழுதிப் போட்டா. 'எனக்கு என்ன வெயிட்டு வந்து சேந்திருக்குதுன்னு உரக்கச் சொல்லு'ன்னு. ஓட்டிப் பாத்தா, ஒவ்வொரு ஷெட்டுலயும் நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சுன்னு வரிசையா வருது. ஐம்பது குடுத்தாலும் நாப்பத்தஞ்சு, அறுபது குடுத்தாலும் நாப்பத்தஞ்சு. அப்படியே திரும்பி என்னைப் பாத்து, "மேடம், நான் அனுப்பறது எனக்கு வந்து சேரவே இல்லை"ன்னா.

நான் என்ற மேசையைத் தொடைக்க ஆரம்பிச்சேன்.

அவ என்ற ஃபங்ஷனைத் தெறந்தா. மேல முதல் வரியிலேயே எழுதியிருக்குதே, 'வெயிட்'டுன்னு. அதை விரலை வெச்சுப் படிச்சா. அப்புறம் சிரிச்சா. அந்தக் கன்னக்குழி. "மேடம், ரெண்டு பேருக்கும் ஒரே பேரு! வெளிய இருக்கறது தன்னுதுன்னு வாங்கிக்குது, மூணு புள்ளிக்கு வரவே இல்லை!" சரி, அதோட விட்டாளா? "ஆனா ஏன் மேடம் கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லலை?"ன்னு அவளே கேட்டு, அவளே யோசிச்சு, அவளே பதிலும் சொன்னா. எல்லா ஷெட்டுக்கும் ஐம்பது ஐம்பதுன்னு ஒரே வெயிட்டு குடுத்தாச் சராசரி மாறவா போகுது? எல்லாருக்கும் சமமா ஏத்தினா ஏத்தாத மாதிரிதானே. அதனால ஒரு சத்தமும் இல்லாம நின்னிருக்குது. "உங்க ஃபங்ஷன் வாங்கிட்டு அதை வெச்சு ஒண்ணுமே பண்ணலை மேடம். அதான் யாருக்குமே தெரியலை"ன்னா.

பாத்தீங்களா பேச்சை? ஒண்ணுமே பண்ணலையாம்! பதினெட்டு வருஷமா அந்தக் கம்பெனிக் கணக்கையெல்லாம் சுமந்தது அது. நேத்து வந்த புள்ளை, வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டுப் போறா. எனக்கு மனசே ஆறலீங்க.

"அப்ப என்றதுல மாத்தணுங்கறியா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் வெடுக்குன்னு கேட்டுட்டேன் போல. என்ற மூஞ்சியைப் பாத்தா. "வேண்டாம் மேடம். உங்களுதை மாத்தினாப் பழைய கணக்கெல்லாம் இடிக்கும். நான் என் பேரை மாத்திக்கறேன்"ன்னா. வெயிட்டை அழிச்சுட்டு 'கிராம்'னு வெச்சா. ஓட்டினா. ஐம்பதுக்கு ஒண்ணு, ஐம்பத்தஞ்சுக்கு ஒண்ணு, அறுபதுக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்துச்சு. புதுத் தீவனம் தின்ன கோழி வெயிலுலயும் பெரிய முட்டையாப் போட்டிருக்குது.

இதுல நீங்க ஒண்ணு கவனிக்கணுமுங்க. பேரை மாத்தினது யாரு? அவ. அப்பத் தப்பு யாருது? தப்பு இல்லாதவ எதுக்குங்க மாத்தணும்?

ஓமலூர் தாண்டிட்டோமுங்ளா? அப்பத் தொப்பூர் வரும். வளைவுல கம்பியைப் புடிச்சுக்கங்க.

மறுநாள் டாக்டரு ரூம்புல இருந்து குரல். "அமுதா, கண்ணு, வா!" போனேன். தலையே நிமிரலை, அந்தப் பேப்பரைப் பாத்துக்கிட்டே பேசறாரு. "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கே. என் சர்வீசுல இந்த மாதிரி வேலை நான் பாத்ததில்லை. உக்காரு கண்ணு." உக்காருன்னாருங்க! அந்த ரூம்புல நான் ஒருநாளும் உக்காந்ததில்லை. நாற்காலி இப்படிக் குளுகுளுன்னு இருந்துச்சு. அப்புறம் நிமிந்து பாத்தாரு. "சரி... அமுதா எங்கே?"ன்னாரு. "நான்தானுங்க சார்"னேன். வேற என்ன சொல்றது? "சரி, போ"ன்னாரு. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கலையே. சொன்னாச் சொன்னதுதானே. நான் அதை யாருகிட்டயும் சொல்லலை. எனக்குள்ளயே வெச்சுக்கிட்டேன். அவகிட்ட எதுக்குச் சொல்லணும்?

இப்பப் பெங்களூருல முட்டைக்காரங்க மாநாடு. பெரிய பெரிய பண்ணைக்காரங்க, தீவனக் கம்பெனிக்காரங்க எல்லாம் வர்றாங்க. இந்தக் கணக்கைப் பத்தி எங்க கம்பெனியில இருந்து ஒருத்தர் மேடையேறிப் பேசணும். டாக்டரு பல்லடம் பண்ணைக்குப் போயிட்டாரு. அங்க இருந்து ஆபீஸ் மாரப்பனுக்குப் போன் பண்ணி, "அமுதாவை அனுப்பிருங்க"ன்னு சொல்லியிருக்காரு. மாரப்பன் வாசல்ல நின்னு, "அமுதா மேடம், பெங்களூரு போறது நீங்கதானுங்ளா?"ன்னாரு. நான் என்ன சொல்லட்டும்? அமுதா இல்லைன்னா? ஆமான்னேன். டிக்கெட் போட்டுட்டாரு.

அவ ஷெட்டுல இருந்து வந்தா. நான் பையை எடுத்து வெச்சுட்டு இருந்தேன். "நீங்களா மேடம் போறீங்க?"ன்னா. "ஏன், நான் போகக் கூடாதா?"ன்னேன். அவ தன்ற சீட்டுக்குப் போயி, மேடையில காட்டறதுக்கு அவ செஞ்சு வெச்சிருந்த படமெல்லாம் ஒரு பென் டிரைவுல போட்டுக் கொண்டாந்து குடுத்தா. "கேள்வி கேட்டா அந்த வெயிட் விஷயத்தை மட்டும் தெளிவாச் சொல்லிருங்க மேடம்"னா. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. பொறாமைங்க. வேற என்ன? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அடுத்தவங்களுக்கு ஒண்ணு கெடைச்சாத் தாங்கறதில்லை.

இருங்க, போனு. பாருங்க, பாருங்க, டாக்டருதான்! நெனைச்ச மாதிரியே கூப்பிட்டுட்டாரு. பஸ் சத்தத்துல காதுல விழாது, ஸ்பீக்கருல போடறேன். நீங்களும் கேளுங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, அவரு வாயாலேயே கேளுங்க.

ஹலோ... ஆமாங்க சார், அமுதாதானுங்க...

"அமுதா, கண்ணு, பஸ்ஸுல இருக்கியா? சத்தம் கேக்குது. நீ பேசாத, நான் சொல்றதைக் கேளு. தைரியமாப் பேசு. அந்த வெயிட்டு எங்க போய் மாட்டுச்சுன்னு தேடிக் கண்டுபிடிச்சே பாரு, அதை முதல்ல சொல்லு. இத்தனை வருஷமா நம்ம ஆபீஸுல யாருக்கும் அது தோணலை. திரும்பி வந்ததும் என் ரூம்பு வாசல்ல இருக்கற முதல் சீட்டை உனக்குப் போட்டுடறேன். கூப்பிட்டா நீ வரணும் கண்ணு, ஒவ்வொருதரமும் அவங்க வந்து நிக்கறாங்க, மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? ஆனா ஒண்ணு. இதை நீயா அமுதவல்லிகிட்டச் சொல்லிராத. வருஷக்கணக்கா இருக்கறவங்க, மனசு ஒடைஞ்சுரும், பாவம். நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். சரியா? வெச்சுடறேன்."

சரிங்க சார்.

வெச்சுட்டாரு.

கேட்டீங்ளா? கண்ணுன்னாரு. ரெண்டுதரம். முதல் சீட்டு எனக்குத்தான்னுட்டாரு. இல்லீங்க, அழுகலை. தொப்பூர்ல எப்பவுமே இப்படித்தான் தூசி அடிக்கும், அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க்கா.

யாரு, அமுதவல்லியா? அதுதான் ஏறினப்பவே சொன்னேனுங்களே. அது ரேஷன் கார்டோட சரி.